கரணந் தளர்தலும் இச்சை தளராமையும்

உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூவகை ஆற்றலும் இயல்பாகவே உள என்பதும், அவை ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடந்து, தனு கரண புவன போகங்களைத் துணையாகப் பெற்றவழி ஒருசிறிது விளங்கும் என்பதும் நம் சித்தாந்த நூல்கள் ஒருமுகமாகக் கூறும் உண்மைகளாம். இருளிடைப்பட்டான் ஒருவனுக்கு விளக்கு உதவுமாறுபோல உடம்பு உயிர்க்கு உதவுகின்றது. அவ்விளக்கின் நெய்யோ அளவுபட்டது. ஈண்டு ஓர் ஐயம் நிகழும். முதுமையால் கருவிகள் தளருங்கால் மூவகை ஆற்றலும் ஒத்த அளவினவாய்த் தளர்கின்றனவோ எனின், உலகியல் அங்ஙனம் காட்டவில்லை. கிரியை முற்படக் குறைகின்றது. அறிவு பலரிடத்து அதற்குப் பின்னரே மழுங்குகின்றது. இச்சையோ குறையாதது மட்டுமன்று; குறையும் நாள் அணுகுந்தோறும் மிகுவதும் உண்டு. "இயலும்பொழுதே இன்னும் ஒருமுறை" என்னும் சொல்லை முதியோர் வாயிற் கேளாதார் யார்? இவ்விழைவு அறுக்கத்தக்க பாசமோ, அன்றி உடம்பை அளித்த திருவருளின் குறிப்போ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினா எமக்கு எழுந்த இடம் கொல்லிமலையின் அடிவாரத்ததாகிய புளியஞ்சோலை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர்ப் பக்கத்தே, மலையினின்றும் இழியும் ஐயாறு சமவெளியை முதற்கண் தொடும் ஊர் அது. மலைமேல் எழுந்தருளியுள்ள அறப்பள்ளி ஈசுவரர் திருக்கோயில் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று; அப்பர் சுவாமிகளின் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்துள் வைத்துப் போற்றப்பெற்றது. அக்கோயிலுக்குச் செல்ல இக்காலத்து இருவழி உண்டு. ஒன்று, நாமக்கல் பக்கத்தே காரவள்ளியினின்றும் எழுபது கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் தார்ச்சாலை. பேருந்திலோ காரிலோ அமர்ந்தே மலைமேற் சென்றுவிடலாம். மற்றொன்று, புளியஞ்சோலையினின்றும் காட்டினூடே கல்லும் வேரும் மிதித்து ஏறும் பழைய கால்நடைப் பாதை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கையொட்டி இப்பாதையின் தொடக்கத்தே நின்று நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். இளைஞரோடு இளைஞராய்க் கோலூன்றிய முதியோரும் நிற்பர். பேருந்து உண்டு என்பது அவர்க்குத் தெரியாததன்று. "சென்ற ஆண்டு ஏறினேன், வருமாண்டு இயலுமோ அறியேன், ஆதலின் இவ்வாண்டு" என்பதே அவர் விடை.

இவ்விடையைச் சிறிது உற்றுநோக்குதல் வேண்டும். தரிசனமே கருதிய பொருளாயின், இருவழியும் சென்று சேருமிடம் ஒன்றே. சாலைவழிச் சென்றாருக்கு இறைவன் குறையக் காட்சி தருவான் என்பது இல்லை. ஆகலின் இம்முதியோர் விழைவது தரிசனத்தை மட்டும் அன்று. தம் காலால் ஏறுதல் என்னும் அத்தொழிலையும் விழைகின்றனர். "யான் இன்னும் வல்லேன்" என்று தமக்குத் தாமே காட்டிக்கோடலும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும். மடாலயங்களிற் பயின்றார் சிலர், அது யான் எனது என்னும் செருக்கே. பத்தி உடை போர்த்த ஆணவமே எனக் கடிவர். இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளற்கு இல்லை. ஆயினும் பத்தியின் உடை போர்த்திருப்பதனாலேயே இவ்விழைவை வேறு பிரித்து நோக்குதல் அரிதாகின்றது. ஆதலின் சமயக் கலப்பு யாதும் இல்லாத ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அது வானூர்தி செலுத்துதலில் வேட்கை மிக்க ஒருவரது வரலாறு.

ஜே. ஆர். டி. டாட்டா 1904 ஜூலை 29இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர், பார்சி குலத்தவர். 1929 பிப்ரவரி 10ஆம் நாள் இந்நாட்டில் வழங்கப்பெற்ற வானோட்டி உரிமச்சீட்டுகளுள் முதல் எண்ணுடையதைப் பெற்றார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியினின்றும் ஒற்றை எஞ்சின் உடைய "புஸ் மாத்" என்னும் சிறு விமானத்தில் தபாற்பைகளை ஏற்றித் தாமே செலுத்தி, ஆமதாபாத்தில் இறங்கி எண்ணெய் பெற்று, பம்பாய் ஜுஹுவில் வந்திறங்கினார். அவருடைய கூட்டாளியாகிய நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பம்பாயினின்றும் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். பின்னாளில் ஏர் இந்தியா என விளங்கிய நிறுவனத்துக்கு வித்து இதுவே. 1953இல் அந்நிறுவனம் அரசுடைமையாயிற்று. 1978 வரை அவரே அதன் தலைவராயிருந்தார்.

இனி யாம் கருதிய செய்தி. முதற்பயணத்தின் முப்பதாம் ஆண்டாகிய 1962இல் அவர் அப்பறப்பை மீண்டும் நிகழ்த்தினார். ஐம்பதாம் ஆண்டாகிய 1982 அக்டோபர் 15ஆம் நாள், தமது எழுபத்தெட்டாம் வயதில், மறுபடியும் கராச்சியினின்றும் பம்பாய்க்குத் தாமே செலுத்தி வந்தார். அப்போது அவர் ஏறியது "லெப்பர்ட் மாத்" என்னும் பழைய விமானம். அவ்வகை விமானம் முதன்முதற் பறந்தது 1933இல். அதன் உடற்பகுதி ஒட்டுப்பலகையால் ஆயது. ஊர்தியும் முதியது, ஊர்ந்தவரும் முதியர். ஊர்தியின் தேய்ந்த உறுப்பைக் கழற்றிப் புதியது பூட்டலாம். ஊர்ந்தவரின் உறுப்புக்கு அவ்வசதி பெரும்பாலும் இல்லை.

1982இல் கராச்சித் தபாலைப் பம்பாய்க்குக் கொணர எழுபத்தெட்டு வயதினர் ஒருவர் வேண்டப்படவில்லை. பெருவிமானங்கள் நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்து கடல்கடந்து செல்லும் காலம் அது. அவற்றை ஓட்டிய நிறுவனத்தை வளர்த்தவரே அவர். பயனை நோக்கின் அப்பயணம் வேண்டாதது. காரவள்ளிச் சாலை இருக்கப் புளியஞ்சோலைப் பாதையில் ஏறுவார் செயலும் இதுவும் ஒருநிகர். சென்று சேருமிடம் அன்று, செல்லுதலே அவர் நாடியது. தரையிறங்கியபின் ஆற்றிய உரையில், இந்நாட்டு இளைஞர்க்குச் சிறிது நம்பிக்கையும் ஊக்கமும் ஊட்டுதலே தம் கருத்து எனக் கூறினர். அது மெய்யே ஆகுக. எனினும் இளைஞரை ஊக்குவிக்க வேறு நூறு வழியும் அவர்க்கு இருந்தன. அவற்றுள் இதனையே தேர்ந்தது ஏன் எனின், பறத்தலில் அவர்க்கிருந்த காதல் என்பதன்றி விடை இல்லை.

இக்காதலைச் சித்தாந்தம் யாது என்று கூறும்? வித்தியா தத்துவங்களுள் அராகம் இச்சையை எழுப்புவது. வித்தை அறிவை எழுப்புவது. கலை ஆணவத்தைச் சிறிதே நெகிழ்த்துக் கிரியையை எழுப்புவது. காலம் அளவு செய்யும். நியதி இன்னார்க்கு இன்னது என வரையறுக்கும். இவ்வைந்தும் அணிந்த சட்டையோடுதான் உயிர் போகம் நுகரப் புறப்படுகின்றது. முதுமை என்பது இச்சட்டையின் ஓரிடம் கிழிந்து பிறிதோரிடம் கிழியாது நிற்கும் நிலை போலும். காலம் "போதும்" என்கின்றது. அராகம் "இல்லை" என்கின்றது. இரண்டும் ஒரே உயிர்க்கு ஒரே இறைவன் கூட்டியவை. ஒன்றனை மட்டும் அருளின் ஆணை என்றும் மற்றதனைப் பகை என்றும் கொள்ளுதற்கு யாது சான்று?

கலை என்னும் தத்துவத்தின் தொழிலை நம்மனோர் போதிய அளவு கருதுவதில்லை என்பது எம் கொள்கை. செயல்புரியும் இன்பம் ஆணவத்தின் காரியம் அன்று. ஆணவம் ஒருசிறிது விலகியதன் காரியம். அநாதியே ஒன்றும் செய்யமாட்டாது கிடந்த உயிர், தன் காலால் ஓரடி எடுத்துவைத்தபோதும், ஒரு பொறியைத் தன் கையால் வானத்தே நிறுத்தியபோதும், தன் கிரியாசத்தியின் ஒரு துளியைச் சுவைக்கின்றது. அத்துளி "என்னுடையது" எனக் கொள்ளும்பொழுதே ஆணவம் மீள நுழைகின்றது. ஆகவே மகிழ்ச்சி வேறு, உரிமைகொள்ளல் வேறு. இரண்டும் ஒட்டியே நிகழும் என்பது உண்மைதான். ஒட்டியிருக்கின்றன என்பதனால் ஒன்றென்று கூறின், தாமிரமும் களிம்பும் ஒன்றென்று கூறியதாய் முடியும்.

அற்றேல், விழைவனைத்தும் வேரோடு களைதலன்றோ முத்திநெறி எனக் கடாவுவார் உளர். இது பாடாண வாதியின் முத்தி என்க. இச்சையும் அறிவும் செயலும் கெட்டுக் கல்லெனக் கிடத்தலே முத்தி என்ற அக்கொள்கையை உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்துள் எடுத்து மறுத்தனர். நம் கொள்கையில் முத்தியினும் உயிர் உண்டு. அதன் மூவகை ஆற்றலும் உண்டு. அவை சிவத்தைச் சார்ந்து சிவத்தால் விளக்கமுற்று நிற்கும் என்பதே வேறுபாடு. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், மாறுவது சார்பு. அழிவது ஆற்றல் அன்று. எனவே, முதியோர் ஒருவரது விழைவைக் கண்டவுடன் "இன்னும் ஆசை விட்டபாடில்லை" என நகைப்பார், தம் சமயத்தைத் தாமே மறந்தார் ஆவர். நம் மடாலயங்களில் இந்நகைப்பு அரிதன்று என்பதனையும் சொல்லாது விடுதற்கில்லை.

விழைவு தன்னளவிற் குற்றம் அன்றாயின், அது குற்றமாகும் எல்லை யாது? விழையப்பட்ட பொருளைக்கொண்டு இதனை அளத்தல் இயலாது. கோயிலை விழைந்தாரிடத்தும் ஆணவம் முறுகியிருத்தல் கூடும்; வானூர்தியை விழைந்தாரிடத்தும் அது மெலிந்திருத்தல் கூடும். விழைந்ததனைப் பிறர்பொருட்டு விட்டுக்கொடுத்தல் இயலுமோ என்பதே யாம் காணும் அளவுகோல். இதற்கும் டாட்டாவின் வாழ்க்கையிலேயே ஒரு செய்தி உண்டு. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் இந்தியர்க்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். 1930இல் டாட்டா கராச்சியினின்றும் இங்கிலாந்து நோக்கிப் பறந்தார். அப்போட்டியிலேயே இங்கிலாந்தினின்றும் இந்தியா நோக்கி ஆஸ்பி இஞ்சினியர் என்னும் இளைஞர் பறந்தார். எகிப்திய நாட்டு அபுகீரில் டாட்டா இறங்கியபோது, எஞ்சினுக்கு வேண்டிய பிளக்குகள் இன்றி ஆஸ்பி அங்கே தங்கிக்கிடக்கக் கண்டார். தம்மிடம் மிகையாக இருந்தவற்றை அவர்க்கு ஈந்தார். ஆஸ்பி சில மணிநேர வேறுபாட்டில் முந்திப் பரிசு பெற்றார். பின்னாளில் 1960 முதல் 1964 வரை இந்திய வான்படைத் தளபதியாகவும் விளங்கினார். பிளக்குகளை ஈயாதிருந்தால் குற்றம் கூறுவார் ஒருவரும் இல்லை. வெற்றியும் தோல்வியும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு அவர்க்கு வாய்த்தது என யாம் கூறவில்லை. அது சத்திநிபாதத்தோடு வருவது. ஆயினும் பறத்தலை அத்துணை விழைந்தவர், பறத்தலிற் பெறும் மதிப்பைப் பிறனொருவன் கொள்ள உடன்பட்டனர். அத்தகையாரது எழுபத்தெட்டாம் வயதின் விழைவைச் செருக்கு என்று ஒரு சொல்லால் தள்ளிவிட எமக்கு மனம் ஒப்பவில்லை.

பிறர்பொருட்டு விடுதல் என்பதன் மறுபக்கமும் உண்டு. முதியோர் விழைவு நிறைவேறுங்கால் அதன் விலையை யார் கொடுக்கின்றனர்? வானத்திலே நெஞ்சு நின்றுபோன ஒருவரது விமானம் வானத்தே நிற்பதில்லை. கீழே ஊர் உண்டு, வயல் உண்டு. இதுபற்றியே உலகநாடுகளின் வான்போக்குவரத்து அமைப்பு, தன் விருப்பின்பொருட்டுப் பறப்பார்க்கும் மருத்துவச் சான்று வேண்டும் என விதித்து, அதன் காலத்தை நாற்பது வயதுக்குட்பட்டார்க்கு 60 மாதம், நாற்பது கடந்தார்க்கு 24 மாதம், ஐம்பது கடந்தார்க்கு 12 மாதம் எனச் சுருக்கியுள்ளது. கூலிக்குப் பிறரை ஏற்றிச் செல்லும் பன்னாட்டு வானோட்டிகட்கு அறுபத்தைந்து வயதே எல்லை. நியதி தத்துவம் அலுவலக ஏடாக வந்தது இது. இதற்கு உடன்படுதல் இகழ்ச்சி அன்று. 2005 நவம்பரில் மும்பையினின்றும் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி ஏறக்குறைய 21,000 மீட்டர் உயரம் எய்திய விஜய்பத் சிங்கானியா அப்போது அறுபத்தேழு வயதினர். காற்றழுத்தம் காக்கும் அறையும் உதவியாளர் கூட்டமும் இன்றி அவர் எழவில்லை. முதுமையை ஒப்புக்கொண்டு செய்த துணிவு அது.

புளியஞ்சோலைப் பாதையில் மருத்துவச் சான்று கேட்பார் இல்லை. பாதிவழியிற் கால் சோர்ந்த ஒருவரை நால்வர் தூளிகட்டிச் சுமந்து இறக்க வேண்டும். அந்நால்வரும் தரிசனம் இழப்பர். அவர் வீட்டார் அன்றிரவு துயிலார். "எனக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் மலையிற் போவது புண்ணியமன்றோ" என்னும் சொல் கேட்க இனிதாயினும், அதனுள் பிறர் துன்பத்தைக் கணக்கிற் கொள்ளாத வன்மை ஒன்று மறைந்துள்ளது. தன்பொருட்டுச் செய்த துணிவு பிறர்க்கு இடராய் முடியின் அது ஏறுவினையாய் நிற்கும். விழைவை நகைப்பார்க்கு முன்னர்ச் சொன்ன சொல்லைப் போலவே, விழைவார்க்கும் இச்சொல்லைச் சொல்லவேண்டியதாகின்றது.

இனி யாம் இதுகாறும் கூறியது அனைத்தையும் சாய்த்துவிடத்தக்க ஒரு தடை உண்டு. கரணந் தளர்ந்தபோதும் நில்லாதவர் அப்பர் சுவாமிகள் அல்லரோ? திருக்கயிலையைக் காணும் காதலால் முதுமையிற் புறப்பட்டு, தனித்து நடந்து, பாதம் தேய்ந்தபின் கையால் தாவி, கையும் தேய்ந்தபின் மார்பினால் உந்தி, அதுவும் இயலாதபோது உடம்பாற் புரண்டு, புரளவும் மாட்டாது கிடந்தனர் எனப் பெரியபுராணம் கூறும். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர்க்கு இயலாதது, மீள்க என்றபோதும் அவர் மீளவில்லை. மருத்துவரும் மக்களும் சொல்லும் சொல்லைக் கேளாத இக்கால முதியோர், "அப்பர் கேட்டாரோ?" என வினவின் யாது விடை?

விடை அவ்வரலாற்றின் பிற்பகுதியில் உளது. அதனை நம்மனோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். முனிவர் மறைந்தபின் வானத்தெழுந்த திருவருள், எழுக என்றது. தேய்ந்த உறுப்பெல்லாம் முன்போல் நிரம்பின. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, கயிலை வடக்கே இன்னும் சிறிது தொலைவிலேதான். இந்நிலையில் அவர் ஏன் மேலே நடக்கவில்லை? எவ்வுறுப்பு இல்லாமையால் நின்றாரோ அவ்வுறுப்பு மீளப் பெற்றபின் நடத்தலன்றோ இயற்கை? அவர் கயிலைக் கோலத்தைக் காட்டியருள்க என வேண்டினர், அப்பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் அக்காட்சி காண்க என ஆணை பிறந்தது, மூழ்கினர், பலநூறு காதம் தெற்கே, தாம் எத்தனையோ முறை கண்ட ஊரிலே எழுந்தனர். களிறும் பிடியும் முதலாக நிற்பனவும் நடப்பனவும் சத்தியும் சிவமுமாய்த் தோன்ற, அவ்வூரே கயிலையாயிற்று.

நடத்தலை அவர் விழைந்திருந்தால், புதிய கால் பெற்றவுடன் நடந்திருப்பர். காண்டலை விழைந்தார் ஆதலின், கால் இல்லாதபோது உருண்டும், கால் வந்தபோது அதனைப் பயன்கொள்ளாது மூழ்கியும், இரண்டினும் ஒரே காதலராய் நின்றனர். முனிவரது அறிவுரைக்கு இணங்காதவர் அருளாணைக்கு ஒரு கணமும் தாழ்க்கவில்லை என்பதும் நோக்கற்பாலது. அப்பரை எடுத்துக்காட்டுவார் இவ்விரண்டாம் பகுதியையும் தம்மேல் ஏற்றிப் பார்க்கக் கடவர். "இம்மலை வேண்டா, உன் ஊர்க்கோயிலிலே காட்டுவேன்" என்று ஒரு குரல் எழுந்தால், நல்ல காலோடு திரும்பிவிட அவர் ஒருப்படுவரோ? ஒருப்படுவராயின் அவர் ஏறட்டும். அவர் ஏற்றத்தில் ஆணவத்துக்கு இடம் சிறிது. ஒருப்படாராயின் அவர் விழைவது ஏறுதலையே. அதுவும் இழிந்ததன்று என மேலே காட்டினாம். அதற்கு அப்பர் பெயரை ஈடுகாட்டாதிருந்தாற் போதும். டாட்டா தம் பறப்பைப் பறப்பென்றே கூறினார். தவம் என்று கூறவில்லை. அவ்வளவில் அவர் நேர்மை பெரிது.

எஞ்சியிருப்பது ஒரு கூட்டத்தார். மருத்துவர் கையெழுத்திட மறுத்த வானோட்டி. முழங்கால் மடங்காமையால் புளியஞ்சோலையில் ஐயாற்று நீரில் காலைத் தோய்த்துக்கொண்டு, மேலே செல்வார் முதுகைப் பார்த்திருக்கும் கிழவர். இவர்தம் இச்சைக்கு யாது கதி? இச்சை உடம்போடு பிறந்ததன்று. உடம்பு தடுத்தமையால் அது ஒழிவதில்லை. அடக்கிவைத்த விழைவு மறுபிறவிக்கு வித்தாகும் என்று அச்சுறுத்துவார் பேச்சு அவர்க்கு எவ்வாற்றானும் பயன்படாது. "மனத்தாலே ஏறிவிடுங்கள், அதுவே மேலானது" என்று சொல்வார் பேச்சு அதனினும் பயனற்றது. அதிலும் சொல்பவர் நல்ல முழங்கால் உடையவராயிருந்து, சொல்லிவிட்டுத் தாம் மலையேறப் புறப்படுவாராயின்.

பூசலார் நாயனார் திருநின்றவூரில் மனக்கோயில் கட்டியதனை இவ்விடத்து எல்லாரும் எடுத்தோதுவர். அவர் அதனைத் தொடங்கிய முறையை நினைவுகூர்வார் சிலரே. கற்கோயில் எடுக்கவே அவர் விழைந்தார். அதன்பொருட்டு எங்கும் சென்று பொருள் தேடினார். ஒன்றும் கிடையாமையால் நைந்தார். அந்நைவுக்குப் பின்னரே உள்ளத்தில் நிதியும் கருவியும் தச்சரும் தேடி, நல்ல நாள் பார்த்து அடிநிலையிட்டு, உறக்கமும் இன்றி, சிகரமும் கிணறும் மதிலும் குளமும் ஒன்றும் விடாது முறையாக எடுத்து முடித்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் கனவிற் கேட்டு வந்து தேடியபோது, அவ்வூரார் அப்படி ஒரு கோயில் இங்கில்லை என்றனர். கல்லால் இயலாததனை மனத்தாற் செய்க என அவர்க்கு உரைத்தவர் ஒருவரும் இலர். அவ்வூரில் யாரும் அதனை அறியவும் இல்லை.